ஸ்வெட்டருக்குள் ஊறும் மருந்து: மலைக் காய்கறித் தோட்டமும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும்

பூச்சி மருந்தால் வரும் கேடு என்றதும், வாய்க்குள் போனால் உயிர் போகும் என்பதுதான் மலையில் யாருக்கும் முதலில் தோன்றும். நீலகிரியில் கேத்தி, நஞ்சநாடு பக்கமும், கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கமும் வருடக்கணக்கில் மருந்தடிக்கிறவர்களுக்கு வரும் தொல்லை பெரும்பாலும் அப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. விரலிடுக்கில் விடாத அரிப்பு, மருந்தடித்த ராத்திரி மூச்சிழுப்பு, மழைக்காலம் முழுக்க இழுத்துக்கொண்டே போகும் இருமல். கேட்டால் "குளிர் சேரலை" என்பார்கள். குளிரும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரில் என்ன ஊறியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

மருந்து நம் எதிர்ப்பாற்றலை இரண்டு விதமாகக் கெடுக்கிறது. ஒன்று, வேலை செய்ய வேண்டிய இடத்தில் மந்தமாக்குகிறது. இன்னொன்று, வேண்டாத இடத்தில் தூண்டிவிடுகிறது. மலைத்தோட்டங்களில் புழங்கும் மருந்துகளில் இரண்டு வகைக்கும் ஆள் உண்டு.

முதலில் மந்தமாக்குவது. குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் பூச்சியின் நரம்பில் அசிடைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியைப் பிடித்துக் கட்டிப்போடுகின்றன. நம் நரம்பிலும் அதே நொதிதான். அதோடு நிற்பதில்லை. அந்த நொதி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அதே வேதியமைப்பு கொண்ட வேறு நொதிகளும் உடம்பில் உண்டு. வைரஸ் புகுந்த செல்லையும் புற்றாக மாறும் செல்லையும் கொல்லும் இயற்கைக் கொல்லிச் செல்கள் கிரான்சைம் என்ற நொதியைத்தான் ஆயுதமாக அனுப்புகின்றன. ஆர்கனோபாஸ்பேட் மருந்து அதையும் முடக்கும் என்று ஆய்வகத்தில் மனித செல்களை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். நிணநீர்ச் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களுக்குள்ளேயே, அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் வழியாக நடக்கும் செய்திப் போக்குவரத்தும் குழம்புகிறது. வெளியே எதுவும் தெரியாது. கண் இருட்டாது, வாந்தி வராது.

அடுத்தது தூண்டிவிடுவது. உருளைக்கிழங்குக் கருகலுக்கு அடிக்கும் மான்கோசெப், குளோரோதலோனில் இரண்டும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியவை. முதல் சில முறை எதுவும் ஆகாது. அந்த நேரத்தில்தான் தோலிலுள்ள செல்கள் மருந்தை அடையாளம் பிடித்து டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களுக்குச் சொல்லிக் கொடுக்கின்றன. ஒருமுறை பழகிவிட்டால் பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலே ஒன்றிரண்டு நாள் கழித்துத் தடிப்பும் நீர்க்கொப்புளமும் வரும். "பத்து வருஷமா அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆனதில்லை" என்று ஒருவர் சொல்வது பதினோராம் வருடத்துக்கு உத்தரவாதம் ஆகாதது இதனால்தான். அரிப்பு மறுநாளோ அதற்கு மறுநாளோ வருவதால், அன்றைக்குச் சாப்பிட்ட கருவாட்டின் மேலோ கத்தரிக்காயின் மேலோ பழி விழுகிறது.

மூச்சுக்குழலிலும் இப்படித்தான். அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993இல் தொடங்கி விவசாயிகளையும் அவர்கள் மனைவிமாரையும் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆய்வு ஒன்றில், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட சில மருந்துகளைத் தெளித்தவர்களுக்கு மூச்சில் விசில் சத்தம் அதிகம் என்று தெரிந்தது. இத்தாலியில் மான்கோசெப் தெளிக்கும் தொழிலாளர்களின் ரத்தத்தைப் பார்த்தபோது எதிர்ப்புச் செல்களில் லேசான மாறுதல்கள் இருந்தன. லேசான என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். எய்ட்ஸ் மாதிரி எதிர்ப்பாற்றல் அடியோடு போய்விடும் என்று பயமுறுத்துவது தவறு. கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும் இந்த மாற்றத்தோடு விறகடுப்புப் புகை, பீடி, சர்க்கரை நோய், புரதமில்லாத சாப்பாடு எல்லாம் சேரும்போதுதான் உடம்பு தோற்கிறது.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு வேறு. கனடாவின் வடகோடியில் நூனாவிக் பகுதியில் வாழும் இன்யூட் மக்களின் கைக்குழந்தைகளை ஆராய்ந்தபோது, டி.டி.டி. போன்ற ஆர்கனோகுளோரின் சேர்மங்கள் உடம்பில் அதிகம் சேர்ந்திருந்த குழந்தைகளுக்குக் காதில் சீழ் பிடிக்கும் நோய் அதிகம் வந்தது. அங்கே யாரும் மருந்து அடிப்பதில்லை. எங்கோ அடித்தது காற்றிலும் கடலிலும் போய், மீன் வழியாகவும் கடல் விலங்குகள் வழியாகவும் தாய்க்குள் சேர்ந்தது. எதிர்ப்புச் செல்கள் பாடம் கற்கும் தைமஸ் சுரப்பி சுறுசுறுப்பாக இருப்பது கருவிலும் பிள்ளைப் பருவத்திலும். மருந்தடித்த மட்டத்தின் (சரிவில் வெட்டிய படிவயலின்) வரப்பில் பிள்ளையைத் துணிவிரித்துப் படுக்கவைப்பதையும், கர்ப்பிணிப் பெண் ஓஸ் பிடிப்பதையும் உடனே நிறுத்த வேண்டும். மற்ற எதிலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது.

இனி மருந்து உள்ளே போகும் வழி. பலரும் மூக்கையும் வாயையும் மட்டும் துண்டால் கட்டிக்கொள்கிறார்கள். தெளிப்பவருக்கு மிகுதியாக உள்ளே போவது தோல் வழியே. பாரத்தியான் என்ற ஆர்கனோபாஸ்பேட்டை வைத்து நடந்த பழைய, நன்கு அறியப்பட்ட சோதனை ஒன்று உண்டு. முன்கைத் தோல் உறிஞ்சும் அளவை 1 என்று வைத்தால், உள்ளங்கை 1.3, தலை 3.7, நெற்றி 4.2, காதுத்துளை 5.4, விதைப்பை 11.8. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு முதுகில் டேங்க் சுமந்து மேட்டில் ஏறுகிறவரைப் பாருங்கள். மூடி சரியாக இறுகாத 16 லிட்டர் டேங்க், ஏறும்போது குலுங்கி முதுகில் வழிகிறது. வழிவது இடுப்பில் இறங்கி, கால்சட்டைப் பட்டியில் தங்கி, தொடையிடுக்குக்குப் போகிறது. உடம்பிலேயே அதிகம் உறிஞ்சும் இடம் அதுதான். முகத்துக்கு ஆயிரம் ரூபாய் மாஸ்க் வாங்குவதற்கு முன்னால் டேங்க் மூடியின் வாஷரை மாற்றுங்கள். முதுகுக்கும் டேங்குக்கும் நடுவே தோளிலிருந்து தொடை வரை தடித்த பாலித்தீன் தாள் ஒன்று கட்டுங்கள்.

மலையின் சிறப்புப் பிரச்சினை ஸ்வெட்டர். மட்டத்து வேலைக்குக் காலை ஏழு மணிக்குப் போகும்போது ஸ்வெட்டரும் மப்ளரும் இல்லாமல் முடியாது. கம்பளி நீர்த்துளியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பின் சூட்டில் மெல்ல மெல்லத் தோலுக்குக் கொடுக்கும். மருந்துத் துணியைச் சுத்தமாக்க வெந்நீரும் சோப்பும் வேண்டும். கம்பளியை வெந்நீரில் போட்டால் சுருங்கிவிடும் என்று யாரும் போடுவதில்லை. மூடுபனியில் காயாது என்று வாரக்கணக்கில் துவைப்பதுமில்லை. அதே ஸ்வெட்டரோடு வீட்டுக்கு வந்து அடுப்போரம் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறோம்.

இதற்கு வழி எளிது: கம்பளியை உள்ளே போடுங்கள், வெளியே போடாதீர்கள். உள்ளே பனியன், அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் முழுக்கைப் பருத்திச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கோட்டு. சமவெளியில் வெயிலில் மழைக்கோட்டு போட்டு மருந்தடித்தால் ஆள் மயங்கி விழுவார். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அந்தத் தொந்தரவு குறைவு. குளிர் நமக்குத் தரும் ஒரே சலுகை இது, விடாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மப்ளருக்குப் பதிலாக மழைக்கோட்டின் தொப்பி தலையையும் காதையும் மூடட்டும். பேண்ட் கால் கம்பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழிவதெல்லாம் பூட்ஸுக்குள் தேங்கி நாள் முழுக்கப் பாதம் ஊறும். கையுறையும் இதே மாதிரிதான்: காரட், கோஸ் போலத் தாழ்ந்த பயிருக்கு அடிக்கும்போது கை கீழ்நோக்கி இருக்கும், ஆகவே சட்டைக் கை கையுறைக்கு வெளியே இருக்கட்டும். பேரி, பிளம்ஸ் மரத்துக்கு மேல்நோக்கி அடிக்கும்போது கையுறை சட்டைக் கைக்கு வெளியே.

கையுறை நைட்ரைலாக, முழங்கை எட்டும் நீளத்தில், சுமார் 0.4 மில்லிமீட்டர் கனத்தில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய கையுறை கலக்கும் வேலைக்கு ஆகாது. உள்ளே துணி ஒட்டியது வேண்டாம். ஒருமுறை உள்ளே மருந்து போனால் கழுவி எடுக்க முடியாது. கழற்றும் முன் கையுறையோடு கையைச் சோப்பு போட்டுக் கழுவி, பிறகு கழற்றி, திரும்பவும் கையைக் கழுவ வேண்டும். சிறுநீர் கழிக்கப் போகும் முன்பும் கை கழுவுங்கள். காரணம் மேலே உள்ள 11.8.

மாஸ்க்கைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். துணி எதையும் தடுக்காது, நனைந்த துணி மருந்தை மூக்கருகே பிடித்து வைக்கும். என் 95 மாஸ்க் தூளையும் நுண்துளியையும் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. நெடி வீசும் எண்ணெய் வகை மருந்துக்குக் கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் வைத்த அரைமுக மாஸ்க் வேண்டும். எந்த மாஸ்க்காக இருந்தாலும் தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும்.

கலக்கும் நேரம்தான் நாளிலேயே ஆபத்தான நேரம், ஏனென்றால் கையில் இருப்பது தண்ணீர் கலக்காத மருந்து. மான்கோசெப் 75 சதவீதத் தூளுக்கு லிட்டருக்கு 2 கிராம் என்றால் 16 லிட்டர் டேங்குக்கு 32 கிராம். இதைத் தீப்பெட்டியாலோ மூடியாலோ அளந்தால் ஒருநாள் 25, ஒருநாள் 60 ஆகும். சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று மருந்துக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், சமையலறைக்கு அது திரும்பக் கூடாது. பாக்கெட்டைக் கிழிக்காமல் கத்தரியால் வெட்டி, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, வாளியில் கொஞ்சம் தண்ணீர் முதலில் ஊற்றி, தூளை அதில் மெதுவாகச் சரித்துக் கூழாக்கிவிட்டு டேங்கில் விடுங்கள். வறண்ட தூளை நேரே டேங்கில் கொட்டினால் புகை மாதிரி மேலே எழுந்து முகத்தில் அப்பும்.

கருகலும் புழுவும் ஒன்றாக வந்தால் நாலைந்து மருந்தை ஒரே ட்ரம்மில் கலப்பது மலையில் சாதாரணம். பணம் வீணாவதை விட மோசமான விஷயம் இதில் இருக்கிறது. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்தை நம் உடம்பு கார்பாக்சிலெஸ்டெரேஸ் நொதியால் உடைத்து வெளியேற்றுகிறது. கூடவே ஆர்கனோபாஸ்பேட் இருந்தால் அந்த நொதியை அது முடக்கிவிடும், பைரித்ராய்டு உடையாமல் தங்கும். தனித்தனியாகத் தாங்கக்கூடிய இரண்டு சேர்ந்து தாங்க முடியாததாகும். லேபிளில் கலக்கலாம் என்று அச்சிடாத எதையும் கலக்க வேண்டாம். கடைக்காரர் சொல்வது லேபிள் ஆகாது.

200 லிட்டர் ட்ரம்மும் பவர் ஸ்பிரேயரும் வைத்து அடிக்கும் இடங்களில் மூன்று இடத்தில் தவறு நடக்கிறது. ஓடையிலிருந்து ட்ரம்முக்குத் தண்ணீர் ஏற்றும்போது ஓஸ் முனை ட்ரம் தண்ணீருக்குள் முழுகியிருந்தால், மோட்டார் நின்றதும் மருந்து ஓடைக்குத் திரும்பி இழுபடும்; கீழே உள்ள ஊர் அதைக் குடிக்கும். முனையை எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே கட்டுங்கள். அடுத்து, நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இரண்டையும் விட அதிகம் கவலைப்பட வேண்டியது ஓஸ் பிடிக்கும் ஆளைப் பற்றி. லேன்ஸ், அதாவது மருந்து தெளிக்கும் நீளக் குழாய் பிடிப்பவருக்குக் கோட்டும் பூட்ஸும் கிடைத்துவிடும். அவருக்குப் பின்னால் ஓஸை இழுத்துக்கொண்டு, இப்போதுதான் நனைந்த இலைகளுக்குள் இடுப்பளவு உரசி நடப்பவர் பெரும்பாலும் கூலிக்கு வந்த பெண், அல்லது பள்ளி லீவில் வந்த பையன். புடவை முழங்கால் வரை ஊறுகிறது. ஓஸ் இணைப்பில் பீய்ச்சுவதும் அவர் கையில்தான். லேன்ஸ் பிடிப்பவருக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு ஓஸ் பிடிப்பவருக்கும் வாங்குங்கள். பதினெட்டு வயது ஆகாதவரை இந்த வேலைக்கு அழைக்கவே வேண்டாம்.

காற்றைப் பற்றியும் மலைக்கென்று ஒரு பாடம் உண்டு. காற்றே இல்லாத விடியற்காலை மருந்தடிக்க நல்ல நேரம் என்று நினைப்போம். பள்ளத்தாக்கில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று கீழே படிந்து, சூடான காற்று மூடிபோல் மேலே நிற்கும். நுண்துளிகள் மேலேயும் போகாது, கலையவும் செய்யாது. குளிர்காற்றோடு சரிவில் மெல்ல இறங்கிக் கீழே உள்ள வீடுகளுக்குப் போகும். பனி விலகி, வெயில் ஏறி, முகத்தில் உணரும்படி லேசாக ஒரே திசையில் காற்று வீசும்போது தொடங்குங்கள். காற்று போகும் பக்கத்து ஓரத்திலிருந்து ஆரம்பித்து, காற்று வரும் பக்கமாக ஒவ்வொரு மட்டமாக நகருங்கள். அடித்த பயிர் எப்போதும் உங்களுக்குப் பின்னால் இருக்கும்.

வேலை முடிந்ததும் துணியை வீட்டுக்கு வெளியிலேயே கழற்றுங்கள். குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில் இருக்கட்டும். மலையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வது வழக்கம். மருந்து தோலில் இருக்கும்போது அதிகச் சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டி இன்னும் உள்ளே இழுக்கும். முதலில் சோப்பு போட்டு இருமுறை கழுவி, தலைமுடி, காது மடல், நகக்கண் எல்லாம் முடிந்த பிறகு வேண்டுமானால் சுடுதண்ணீர். துணி துவைப்பது நேர்மாறு: கை பொறுக்காத அளவு வெந்நீர், வழக்கத்தை விட அதிக சோப்புத்தூள், வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனி வாளி, இரண்டு முறை. தண்ணீரில் கரைத்தால் பால்போல் ஆகும் எண்ணெய் வகை மருந்து நேரடியாகக் கொட்டி ஊறிய துணி எத்தனை துவைத்தாலும் தேறாது, தூக்கி எறியுங்கள். துவைப்பவரும் கையுறை போட வேண்டும். இந்த வேலை வீட்டில் யார் தலையில் விழுகிறது என்று நமக்குத் தெரியும், வயலுக்கே போகாத அவருக்கும் மருந்து இப்படித்தான் சேருகிறது.

சோதனையைப் பற்றி. ஒருவருக்கு வந்த இருமலோ சொறியோ மருந்தால்தான் எதிர்ப்பாற்றல் கெட்டு வந்தது என்று காட்டும் ரத்தச் சோதனை கிடையாது. "இம்யூனிட்டி டெஸ்ட்" என்று பெரிய தொகை கேட்பவரிடமும், எதிர்ப்புச் சக்தி டானிக் விற்பவரிடமும் பணத்தைக் கொடுக்காதீர்கள். பயனுள்ளது, ஆர்கனோபாஸ்பேட் முடக்கும் அந்த நொதி ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கோலினெஸ்டெரேஸ் சோதனை. ஆனால் நம்மூரில் ஒருவருக்கொருவர் இயல்பான அளவே அதிகம் வேறுபடும், ஆகவே ஒரே ஒரு சோதனை எதையும் சொல்லாது. மருந்தடிக்கும் பருவத்துக்கு முன், ஒரு மாதமாவது மருந்து தொடாமல் இருந்து எடுத்த அளவு உங்கள் அடிப்படை. பருவத்தின் நடுவில் எடுக்கும் அளவை அதோடு ஒப்பிட வேண்டும். கலிபோர்னியாவில் தொழிலாளர்களுக்குச் சட்டமாக வைத்திருக்கும் கணக்கு இது: அடிப்படையிலிருந்து 20 சதவீதம் குறைந்தால் வேலை முறையைச் சரிபார்க்க வேண்டும், சிவப்பணுவில் உள்ள நொதி அளவு 30 சதவீதமோ பிளாஸ்மாவில் உள்ள நொதி அளவு 40 சதவீதமோ குறைந்தால் ஆளை மருந்து வேலையிலிருந்து நிறுத்த வேண்டும், அடிப்படையில் 80 சதவீதத்துக்குத் திரும்பிய பிறகே மீண்டும் வேலை. கல்லீரல் நோய் இருந்தாலும் பிளாஸ்மாவில் உள்ள நொதி அளவு குறையும், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். மான்கோசெப் இந்த நொதியை முடக்கும் மருந்து இல்லை. கருகலுக்கு மட்டும் அடிப்பவருக்குச் சோதனை சரியாக இருக்கும், அதை வைத்து நிம்மதி அடையக் கூடாது.

மருந்தடித்த அன்றே கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்குவது, எச்சில் வழிவது, வியர்த்துக் கொட்டுவது, தசை துடிப்பது இருந்தால் அது எதிர்ப்பாற்றல் விஷயம் இல்லை, கடும் நச்சு. துணியைக் கழற்றி, தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே 108க்குக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால் கொடுக்காதீர்கள், மருந்துப் புட்டியின் லேபிளைக் கையோடு கொண்டு போங்கள். தேறியதும் அன்று மாலையே வீடு திரும்பக் கூடாது. ஒன்று முதல் நாலு நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்து போகலாம். மலைப்பாதையில் கோவைக்கோ மதுரைக்கோ இறங்கும் நேரத்தை எண்ணினால், வீட்டில் இருக்கும்போது அது வந்தால் என்ன ஆகும் என்று புரியும்.

குறைவாக அடிப்பதற்கான வழிகளும் மலையிலேயே உண்டு. கோஸில் வைரமுதுகுப் புழுவுக்கு 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு விதைத்தால் அந்துப்பூச்சி கடுகில் முட்டையிடப் போகும். கடுகின் முதல் வரிசையைக் கோஸ் நடவுக்கு 15 நாள் முன்பே விதைக்க வேண்டும், இரண்டாவதை நடவுக்கு 25 நாள் கழித்து. மருந்தைக் கடுகுக்கு மட்டும் அடித்தால் போதும் என்ற நிலை வரும். இந்தப் புழுவை அழிக்கும் டயடெக்மா குளவி குளிர்ந்த மலையில்தான் நன்றாகப் பெருகும். சகட்டுமேனிக்கு அடித்தால் முதலில் சாவது அதுதான். உருளைக்கிழங்கில் 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழுவுக்குக் குருணை மருந்தைக் கையால் தூவுவதை விட, அதைத் தாங்கும் குப்ரி ஸ்வர்ணா, குப்ரி சஹ்யாத்ரி போன்ற ரகத்தையும், இடையில் கோஸ், காரட், பூண்டு என்று மாற்றுப்பயிரையும் வையுங்கள்.

மருந்துப் பெட்டி படுக்கையறையிலோ பரணிலோ இருக்க வேண்டாம். குளிருக்குக் கதவு ஜன்னல் அடைத்த வீட்டில் அதன் ஆவி ராத்திரி முழுக்க உங்களோடு தூங்குகிறது. புட்டியில் உள்ள வைர வடிவக் கட்டத்தின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. ஆனால் அந்த நிறம் உடனடி நச்சை மட்டும் காட்டுகிறது. பச்சைக் கட்டம் போட்ட மான்கோசெப்தான் தோல் ஒவ்வாமைக்கு முன்னால் நிற்கிறது. 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்ததும் இனப்பெருக்கம், ஹார்மோன் சார்ந்த கேட்டுக்காக. நிறம் அதைச் சொல்லாது.

டாக்டரிடம் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். எந்தத் தேதி, எந்த மருந்து, எத்தனை டேங்க், யார் லேன்ஸ், யார் ஓஸ், எப்போது அரிப்போ இருமலோ தொடங்கியது. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் மருந்துதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்யாமல் சளிப் பரிசோதனை கேளுங்கள். காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் சோதனையும் சிகிச்சையும் இலவசம். தோல் ஒவ்வாமை என்றால் பேட்ச் டெஸ்ட் (தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்யும் தோல் மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். ஒவ்வாமை உறுதியானால் அந்த மருந்தை அவர் மறுபடி தொடக் கூடாது, களிம்பு போட்டுக்கொண்டு தொடர்வதும் கூடாது. கூலிக்குப் போகிறவராக இருந்தால் தோட்டக்காரர் அவருக்குக் களையெடுப்பு, தரம் பிரிப்பு போன்ற மருந்தில்லாத வேலையை அதே கூலிக்குத் தர வேண்டும். இல்லையென்றால் அவர் அரிப்பை மறைத்துக்கொண்டு திரும்பவும் ஓஸ் பிடிக்கத்தான் வருவார்.